மூன்றாண்டுக்குப் புனே மாறுதல்: குடும்பத்தோடு போகலாமா?

உங்கள் கணவருக்கு மூன்றாண்டுப் பணிமாறுதல் புனேக்கு வந்திருக்கிறது. வரும் கல்வியாண்டில் மகள் ஏழாம் வகுப்புக்கும் மகன் மூன்றாம் வகுப்புக்கும் போகிறார்கள், மாமியாரும் உங்களோடுதான் இருக்கிறார். எல்லோரும் போவதா, அவரை மட்டும் அனுப்பிவிட்டு விடுமுறைக்கு வந்து போகச் சொல்வதா, இப்படிச் சில ஆண்டுகள் வெளிமாநிலத்தில் இருந்து திரும்பிய குடும்பங்கள் எதைக் கற்றுக்கொண்டு வந்தன என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் பணியாளர் மாறுதல்களைக் கவனிக்கும் பிரிவில் நெடுங்காலம் இருந்தவன். இடையில் சில ஆண்டுகள் புனேயிலேயே குடும்பத்தோடு குடியிருந்ததால், அலுவலகக் கோப்பிலும் வீட்டு அடுப்படியிலும் இந்த விஷயம் எப்படி இருக்கும் என்று இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறேன்.

எல்லோரும் போகலாம் என்பதே என் பதில். ஆனால் பள்ளி, சான்றிதழ், வாகனம், குடும்ப அட்டை போன்ற காகித விவகாரங்களைத் திரும்பி வரப்போகும் ஆண்டை மனத்தில் வைத்து முடிவு செய்யுங்கள். சமையல், மொழி, அக்கம்பக்கம் ஆகியவற்றைத் திரும்பும் எண்ணமே இல்லாதவர்களைப் போல அமைத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த குடும்பங்களில் பெரும்பாலானவை இதைத் தலைகீழாகச் செய்தன. எப்படியும் போய்விடப்போகிறோம் என்று கட்டிலைக்கூடப் பிரித்து மாட்டாமல், பக்கத்து வீட்டாரின் பெயரைக்கூடக் கேட்காமல் மூன்றாண்டைத் தள்ளிவிட்டு, பிள்ளைகளின் கல்விச் சான்றுகளைப் பற்றிய யோசனையை மட்டும் ஊருக்குத் திரும்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

முதலில் மகளைப் பற்றி. ஏழில் சேர்ந்தால் மூன்றாண்டு முடியும்போது ஒன்பது முடித்திருப்பாள், அதாவது பத்தாம் வகுப்பின் வாசலில் நின்று திரும்ப வேண்டியிருக்கும். பள்ளி மாறுவதற்கு இதைவிடச் சங்கடமான இடம் வேறில்லை. மத்திய இடைநிலைக் கல்வி வாரியமான சி.பி.எஸ்.இ. ஒன்பதாம் வகுப்பிலேயே மாணவர்களைப் பதிவு செய்துவிடுகிறது. பெற்றோரின் பணிமாறுதலைக் காரணம் காட்டி ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியிலிருந்து இன்னொரு சி.பி.எஸ்.இ. பள்ளிக்கு வாரியத்தின் அனுமதியோடு பத்தில் மாறலாம், ஆனால் அங்கே சி.பி.எஸ்.இ.யில் ஒன்பது படித்துவிட்டு இங்கே மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு எழுதுவது என்பது குழந்தையைப் படுத்துகிற காரியம். ஆகவே உங்கள் முன் இருப்பவை இரண்டே வழிகள். மாறுதலை ஓராண்டு நீட்டித்து அவள் பத்தாம் வகுப்பை அங்கேயே முடித்துவிட்டுப் பதினொன்றுக்கு ஊருக்கு வருவது ஒன்று, இப்போதே ஊரில் சி.பி.எஸ்.இ. பள்ளியில் இடம் கிடைக்குமா என்று பார்த்து எந்த ஆண்டிலும் மாறத்தக்க நிலையில் வைத்திருப்பது மற்றொன்று. எனக்கு முதல் வழியே உசிதமாகப் படுகிறது. மத்திய அரசுப் பணியிலோ பொதுத்துறையிலோ உங்கள் கணவர் இருந்தால் கேந்திரிய வித்யாலயத்தில் முன்னுரிமை உண்டு. 1963-இல் அந்தப் பள்ளிகள் தொடங்கப்பட்டதே இப்படி ஊர் ஊராக மாற்றப்படுகிறவர்களின் பிள்ளைகளுக்காகத்தான். ஒன்றை நினைவில் வையுங்கள்: சி.பி.எஸ்.இ. பள்ளிகள் ஏப்ரலிலேயே புதிய வகுப்பைத் தொடங்கிவிடுகின்றன, நம் மாநிலப் பாடத்திட்டத்தில் ஆண்டுத்தேர்வு முடிவதே ஏப்ரலில்தான். அந்தச் சில வாரங்களை அங்குள்ள பள்ளியிடம் முன்கூட்டியே சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும். மாற்றுச் சான்றிதழில் மாவட்டக் கல்வி அலுவலரின் மேலொப்பம் கேட்கும் பள்ளிகளும் உண்டு, கிளம்புமுன் வாங்கிவிட்டால் அதற்காக இன்னொரு முறை ரயிலேற வேண்டியிருக்காது.

சான்றிதழ் விஷயத்தைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஏற்படும் விளைவு பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவரும். தமிழ்நாட்டின் மருத்துவக் கலந்தாய்வில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை இங்கேயே படித்தவர்கள் இந்த மாநிலத்தவர் என்பதற்கு அந்தப் படிப்பே சான்றாகிவிடுகிறது. இடையில் சில வகுப்புகளை வெளிமாநிலத்தில் படித்தவர்கள் பிறப்பிடச் சான்றிதழ் காட்ட வேண்டும். உங்கள் மகளுக்கு அந்தச் சங்கிலி ஏழில் அறுகிறது. அதனால் வாய்ப்புப் போய்விடாது, ஆனால் பெற்றோரின் பிறப்பு, படிப்பு, குடியிருப்பு ஆகியவற்றுக்கான ஆவணங்களைத் திரட்டிப் பிறப்பிடச் சான்றிதழ் வாங்கும் வேலை உங்களுடையதாகிறது. மகாராஷ்டிரத்தின் மாநில ஒதுக்கீடும் அவளுக்கு எளிதில் எட்டாது, அங்கே பொதுவான விதிப்படி பத்து, பன்னிரண்டு இரண்டையும் அந்த மாநிலத்திலேயே முடித்திருக்க வேண்டும். உங்கள் பிள்ளைகள் இப்போது எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஒருவேளை மகள் அரசுப் பள்ளியில் படிக்கிறாள் என்றால், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தோருக்கென 2020-இல் வந்த 7.5 விழுக்காடு மருத்துவ உள்ஒதுக்கீடும், கல்லூரி செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டமும் அவளுக்கு இல்லாமல் போய்விடும். இதை முழுமையாக அறிந்துகொண்டு போவது வேறு, பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பிறகு தெரிந்துகொண்டு நெஞ்சில் அடித்துக்கொள்வது வேறு.

சாதிச் சான்றிதழும் அப்படித்தான். நம் மாநிலத்தில் பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்று இருக்கும் வகைப்பாடு அடுத்த மாநிலத்தின் கல்லூரிச் சேர்க்கையிலோ மாநில அரசுப் பணியிலோ செல்லுபடியாகாது, அங்கே நீங்கள் பொதுப் பிரிவினர்தான். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்குக்கூட வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்ததால் அந்த மாநிலத்தின் சலுகைகள் தாமாக வந்துவிடுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1990-லேயே சொல்லிவிட்டது. அதே சமயம், சில ஆண்டுகள் அங்கே இருந்ததால் சொந்த மாநிலத்தில் உள்ள உரிமையை இழந்துவிடுவதும் இல்லை. கிளம்புமுன் இரு பிள்ளைகளுக்கும் இ-சேவை மையம் வழியாகச் சாதிச் சான்றிதழையும் பிறப்பிடச் சான்றிதழையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் இருக்கும்போது ஒரு வாரத்து அலைச்சலோடு முடிகிற வேலை, புனேயில் இருந்துகொண்டு கேட்டால் கிராம நிர்வாக அலுவலரின் நேரடி விசாரணையில் தொடங்கி எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போகும்.

வெளிமாநில வாழ்க்கையில் ஒரு குடும்பம் முதலில் அறிந்துகொள்வது தன் சொந்த மாநிலத்தைத்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நியாயவிலைக் கடை, ஒதுக்கீடு, தமிழ்ப்பாடம் என்று எதையெல்லாம் காற்றைப்போலக் கவனிக்காமல் இருந்தோமோ அவையெல்லாம் ஓர் அரசு சட்டம் போட்டு நடத்திவந்த ஏற்பாடுகள் என்பது எல்லையைத் தாண்டியதும் புரிகிறது. குடும்ப அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. ஆனால் அத்திட்டப்படி வெளிமாநிலக் கடையில் பொருள் கிடைப்பது தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் முன்னுரிமை அட்டைகளுக்கும் மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்த்யோதயா அட்டைகளுக்கும் மட்டுமே, அதுவும் மத்திய அரசின் தானியம் மட்டுமே. முன்னுரிமையற்ற அட்டைதாரருக்கும் விலையில்லா அரிசி தருவது நம் மாநிலம் தன் செலவில் நடத்தும் ஏற்பாடு. அது கூடவே வராது, துவரம்பருப்பும் பாமாயிலும் பொங்கல் பரிசும் வரா. அட்டையைப் புனேக்கு மாற்ற வேண்டாம், ஊரிலேயே இருக்கட்டும்.

அடுத்தது வீடு. மகாராஷ்டிரத்தில் 11 மாதம், 22 மாதம், 33 மாதம் என்ற கணக்கில் உரிம ஒப்பந்தமாகத்தான் வாடகைக்கு விடுகிறார்கள், அதை அங்கே எல்லோரும் 'லீவ் அண்ட் லைசென்ஸ்' என்றே சொல்வார்கள். 1999-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவின்படி அந்த ஒப்பந்தத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும், பதிவு செய்யும் பொறுப்பு வீட்டு உரிமையாளருடையது. பதிவு செய்யாமல் விட்டுப் பின்னால் தகராறு வந்தால், மறுத்து நிரூபிக்கப்படும்வரை குடியிருப்பவர் சொல்லும் நிபந்தனைகளே ஏற்கப்படும் என்று சட்டம் சொல்வதால் உரிமையாளர்களே இதில் கண்ணும் கருத்துமாக இருப்பார்கள். ஆதார் விரல்ரேகை வைத்து வீட்டிலிருந்தே பதிந்துவிடலாம், முத்திரைத் தீர்வை மொத்த வாடகையில் 0.25 விழுக்காடு. காவல் நிலையத்துக்குக் குடியிருப்பவரின் விவரம் தருவதும் வழக்கமான நடைமுறைதான், அதைப் பார்த்து மிரள வேண்டாம். இங்கே வெறும் கைச்சீட்டையும் வாய்வார்த்தையையும் நம்பிக் குடியிருந்து பழகியவர்களுக்கு இந்தக் கெடுபிடி முதலில் சங்கடமாக இருந்தாலும், முன்பணம் திரும்பக் கிடைக்கும் நாளில் அதன் அருமை தெரியும். குடியிருப்புச் சங்கம் வாடகைதாரர் இருக்கும் வீட்டுக்கென வசூலிக்கும் கூடுதல் கட்டணம் உரிமையாளரைச் சேர்ந்தது. பராமரிப்புச் செலவில் 10 விழுக்காட்டுக்கு மேல் அதை வாங்கக் கூடாது என்ற அரசாணையும் உண்டு. அதை உங்கள் தலையில் கட்டப் பார்த்தால் ஒப்பந்தத்தைக் காட்டுங்கள். வீடு பார்க்கும்போது குழாயில் மாநகராட்சித் தண்ணீர் வருகிறதா, டேங்கர் தண்ணீரா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். நகரத்தின் விளிம்பில் புதிதாக எழும்பிய அடுக்ககங்களில் மார்ச் பிறந்துவிட்டால் டேங்கர்தான். குடிக்கும் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம். 2025 ஜனவரியில் சிங்ககட் சாலைப் பகுதியில் நரம்புகளைத் தாக்கும் கில்லன் பாரே நோய் ஒரே நேரத்தில் பலருக்குக் கண்டபோது சந்தேகம் தண்ணீரின் மேல்தான் விழுந்தது.

இனி நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். இந்த மாறுதலின் பாரம் வீட்டில் எல்லோர்மேலும் சமமாக விழாது. உங்கள் கணவருக்கு ஓர் அலுவலகம் காத்திருக்கிறது. அங்கே ஆங்கிலம் செல்லும், நாற்காலியும் மேசையும் முதல் நாளே கிடைத்துவிடும், புதியவர் என்று மதிய உணவுக்கு அழைத்துப்போக ஆள் இருக்கும். பிள்ளைகளைப் பள்ளி வாங்கிக்கொள்கிறது. வேலைக்கு வரும் அம்மாளிடமும் காய்கறிக்காரரிடமும் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரிடமும் மின்வாரியத்து ஆளிடமும் ஊமையாக நிற்கப்போவது நீங்கள். இதைக் கணவரிடம் முன்கூட்டியே பேசி, முதல் மூன்று மாதமாவது வெளிவேலைகளில் பாதியை அவர் ஏற்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லாத வீடுகளில் மூன்றாம் மாதம் சண்டை வருவதைப் பார்த்திருக்கிறேன், சண்டைக்குக் காரணம் மட்டும் ஏதோ பால் கணக்காக இருக்கும்.

ஆனால் இதே காரணத்தால் மராத்தியை வீட்டில் முதலில் பேசப்போவதும் நீங்களாகத்தான் இருப்பீர்கள். வடக்கே போகிறோம், இந்தி தெரிந்தால் போதும் என்று ஊரில் சொல்வார்கள். இந்தியை வைத்துப் புனேயில் ஓட்டிவிடலாம் என்பது உண்மைதான், ஆனாலும் அது அந்த மக்களின் மொழி அன்று. முதல் வகுப்பிலிருந்தே இந்தியை மூன்றாம் மொழியாக்கி 2025 ஏப்ரலில் வந்த அரசாணைக்கு அங்கே எழுந்த எதிர்ப்பைப் பார்த்து, அதே ஆண்டு ஜூன் 29-இல் அரசு அதைத் திரும்பப் பெற்றது. மொழியைப் பற்றி நமக்கு இருக்கும் அக்கறை நமக்கு மட்டுமே உரியது என்று எண்ணிக்கொண்டிருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இது ஒரு நல்ல பாடம். மண்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டியது இலக்கணத்தை அன்று, எண்களையும் அளவுகளையும். காய்கறிக் கடையில் கால் கிலோவுக்குப் 'பாவ் கிலோ', அரைக்கு 'அர்தா', முக்காலுக்குப் 'பாவுண்', ஒன்றரைக்குத் 'தீட்', இரண்டரைக்கு 'அடீச்' என்று ஐந்து சொற்கள் வந்துவிட்டால் சந்தை உங்களுடையது. காலும் அரையும் முக்காலும் சொல்லிப் பழகிய நமக்கு இது ஒரு வாரத்து வேலை. ஆட்டோக்காரரையும் வயதான கடைக்காரரையும் 'காகா' என்றும், வேலைக்கு வரும் அம்மாளை 'மாவ்ஷி' என்றும், உங்களைவிடச் சற்று மூத்த பெண்ணைத் 'தாயி' என்றும் கூப்பிடுங்கள். சித்தப்பாவும் சித்தியும் அக்காவும் எல்லா ஊரிலும் உண்டு. பழைய புனேயில் மதியம் ஒரு மணியிலிருந்து நான்கு மணிவரை கடையை மூடிவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள், எவ்வளவு பெரிய வாடிக்கையாளர் வந்து நின்றாலும் சரி. அதில் எனக்குக் கடைசிவரை ஒரு மரியாதை இருந்தது.

சமையல் பெரிய சிக்கலாகாது, இரண்டு மூன்று இடங்களில் மட்டும் இடறும். தெருமுனைக் கடையில் கோலம், இந்திராயணி, ஆம்பேமோஹர் என்று மணமுள்ள பச்சரிசி வகைகள்தான் இருக்கும். புழுங்கல் அரிசிக்கும் இட்லி அரிசிக்கும் தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் ராஸ்தா பேட் பக்கமோ தென்னிந்தியக் கடைகளுக்கோ போக வேண்டும். புனே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில் இருப்பதால் டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழேயும் போகும். அந்த நாள்களில் மாலை ஆட்டி வைத்த மாவு காலையில் கல்லாகக் கிடக்கும். விளக்கை எரியவிட்ட 'ஓவன்' அடுப்புக்குள் வைப்பவர்களும் கம்பளி சுற்றி வைப்பவர்களும் உண்டு. அந்த இரண்டு மாதம் அவல் உப்புமாவான 'போஹே'வுக்கும் சோள ரொட்டியான 'பாக்ரி'க்கும் மாறிக்கொள்வதே புத்திசாலித்தனம் என்பேன். நம் ஊரில் சோளமும் கம்பும் அன்றாடத் தட்டிலிருந்து எப்போதோ இறங்கிவிட்டன, அங்கே இன்னும் அவை அன்றாட உணவு. ஊருக்குத் திரும்பிய பல வீடுகளில் பாக்ரி மட்டும் நிலைத்துவிட்டதைக் கண்டிருக்கிறேன். பருப்பில் வெல்லமும் கோடா மசாலாவும் போட்ட 'ஆம்டி'யை மாமியார் முதல் நாள் சாம்பார் என்று நினைத்து வாயில் வைத்தால் என்ன சொல்வார் என்பதை உங்கள் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

மாமியாரைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. நடமாட்டமும் பேச்சும் நின்றுபோனால் முதியவர்கள் ஓராண்டில் ஐந்தாண்டு தளர்ந்துவிடுவார்கள். ஆகவே வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது கணவரின் அலுவலகத் தூரத்தைவிடக் கீழே உட்காரத் திண்ணையும் நடக்கும் தொலைவில் கோயிலும் இருக்கிறதா என்று பாருங்கள். மாலையில் கீழே உள்ள பெஞ்சில் கூடும் 'ஆஜி' எனப்படும் பாட்டிமார்கள் மொழி தெரியாதவரையும் இழுத்து உட்காரவைத்துக்கொள்வார்கள். பண்டரிபுரத்து விட்டலன் பாடல்கள் உங்கள் மாமியாருக்கு முற்றிலும் புதியவையாக இருக்கமாட்டா. 1676 முதல் 1855 வரை தஞ்சையில் நடந்த மராட்டியர் ஆட்சியின் வழியே துக்காராமின் அபங்கங்கள் நம் பஜனை மரபிலேயே கலந்திருக்கின்றன. ஆனி, ஆடி வாக்கில் ஆளந்தியிலிருந்து ஞானேஸ்வரரின் பல்லக்கும் தேஹுவிலிருந்து துக்காராமின் பல்லக்கும் பண்டரிபுரம் நோக்கிப் புறப்பட்டுப் புனே நகருக்குள் வந்து தங்கிப் போகும். அந்த நாள்களில் நகரமே வழிவிட்டு நின்று, நடந்து வருகிறவர்களுக்குச் சோறும் தண்ணீரும் கொடுக்கும். பழனிக்கு நடந்து போனவர்களைப் பார்த்து வளர்ந்த ஒரு தமிழ்நாட்டு மூதாட்டிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை, ஒரு தட்டு வாழைப்பழத்தோடு வாசலில் நிற்கவைத்தால் போதும்.

உங்களுக்கான வாசல் ஜனவரியில் திறக்கும். மகர சங்கராந்தி முதல் ரத சப்தமி வரை வீட்டுக்கு வீடு மஞ்சள் குங்குமம் வைத்து, எள்ளும் வெல்லமும் சேர்ந்த உருண்டை கொடுத்து, சிறு பரிசுப்பொருள் ஒன்றும் கையில் தருவார்கள். நவராத்திரி வெற்றிலைபாக்கைப் போன்றதுதான். அழைப்பு வரட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே ஒருநாள் அந்தத் தளத்துப் பெண்களை அழைத்துவிட்டால், ஆறு மாதத்தில் வராத பழக்கம் அன்று ஒரே மாலையில் வந்துவிடும். கைம்பெண்களை விலக்கும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் உண்டு. உங்கள் வீட்டில் எல்லோரையும் அழைத்தால் யாரும் தடுக்கப்போவதில்லை.

மகனுக்குத் தீபாவளிதான் பெரிய கல்வியாக இருக்கும். புனேயில் தீபாவளி நெருங்கும்போது ஒவ்வொரு குடியிருப்பின் முற்றத்திலும் பிள்ளைகள் செம்மண்ணையும் கல்லையும் கோணிச்சாக்கையும் கொண்டு கோட்டை கட்டுவார்கள். அகழி வெட்டி, படிக்கட்டு செதுக்கி, சரிவுகளில் கடுகோ கேழ்வரகோ தூவி முளைக்கவிட்டுக் காடு உண்டாக்கி, உச்சியில் சிவாஜியின் பொம்மையையும் கீழே மாவள வீரர்களின் பொம்மைகளையும் நிறுத்துவார்கள். அந்த மாநிலப் பாடத்திட்டத்தில் நான்காம் வகுப்பு வரலாறு ஏறக்குறைய முழுவதுமே சிவாஜிதான் என்பதால் எந்தக் கோட்டைக்கு எத்தனை வாயில் என்பதுகூட அவர்களுக்குத் தெரியும். உங்கள் மகனிடம் செஞ்சிக் கோட்டையைக் கட்டச் சொல்லுங்கள். 1677-இல் சிவாஜி பிடித்த கோட்டை அது. அவர் மகன் இராஜாராமுக்குக் கீழ் 1690-களில் மராட்டிய அரசின் தலைமையிடமாகவே இருந்தது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளில் பதினொன்று மகாராஷ்டிரத்திலும் ஒன்று நம் விழுப்புரம் மாவட்டத்திலும் இருக்கின்றன. மொழி தெரியாத புதுப்பையனுக்கு அந்த முற்றத்தில் இதைவிட நல்ல அறிமுகம் அமையாது. நரக சதுர்த்தசி அன்று விடியுமுன் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது அங்கும் வழக்கம்தான், 'சக்லி' என்று நீட்டுவதைப் பார்த்தால் நம் முறுக்காக இருக்கும்.

பிள்ளைகளின் தமிழ் மட்டும் தானாக நிற்காது. பேச்சு போய்விடாது, எழுத்துத்தான் போகும். அதுவும் மூன்றாம் வகுப்பில் கிளம்புகிற மகனிடமிருந்து முதலில் போகும், ஏனெனில் உயிர்மெய்யைக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய நேரத்தில் அவன் கையில் தேவநாகரி வந்துவிடுகிறது. 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி மகாராஷ்டிரத்தில் எந்தப் பாடத்திட்டப் பள்ளியானாலும் மராத்தி கட்டாயம். அதை எதிர்த்து மல்லுக்கட்ட வேண்டாம், படிக்கட்டும். நம் மாநிலமும் 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தால் அதையேதான் செய்கிறது. திரும்பிய பிறகு மகன் மாநிலப் பாடத்திட்டத்தில் சேர்ந்தால் பத்தாம் வகுப்பில் தமிழ்த்தாள் எழுத வேண்டியிருக்கும் என்பதும், தமிழ்நாடு அரசுப் பணித் தேர்வுகளில் 2021 முதல் தமிழ்த் தகுதித்தாளில் 40 விழுக்காடு எடுத்தால்தான் மற்றத் தாள்களைத் திருத்துவார்கள் என்பதும் இதில் அடங்கும். கேந்திரிய வித்யாலயமாக இருந்தால் குறைந்தது 15 மாணவர்கள் கேட்டால் தாய்மொழி வகுப்புக்கு ஏற்பாடு செய்யக் கேட்கலாம். மற்றபடி தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைக்கல்வி, சான்றிதழ்ப் பாடங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும்விட, ஊரில் இருக்கும் தாத்தாவுக்கோ மாமாவுக்கோ வாரம் ஒரு பக்கம் கையால் எழுதி அஞ்சலில் போடச் சொல்வது பலன் தருகிறது. வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்புவதால் எழுத்து வராது.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாக. வெளிமாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஓட்டினால் அந்த மாநிலப் பதிவெண் வாங்க வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. அதற்கு இங்கே தடையில்லாச் சான்று, அங்கே சாலைவரி, பிறகு இங்கே கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்டு அலைவது என்று மூன்று கட்டம் இருக்கிறது. பழைய வண்டியானால் ஊரிலேயே விற்றுவிடுவது நல்லது. கார் வாங்கும் எண்ணமிருந்தால் 2021-இல் வந்த பி.எச். பதிவெண்ணைப் பாருங்கள். மத்திய, மாநில அரசு ஊழியர்களுக்கும் பொதுத்துறையினருக்கும் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவனத்தாருக்கும் அது கிடைக்கும். வரியை இரண்டிரண்டு ஆண்டாகக் கட்டலாம், மாநிலம் மாறினாலும் எண் மாறாது. சமையல் எரிவாயு இணைப்பை ஒப்படைத்து மாற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள், குழாய் எரிவாயு உள்ள வீடு கிடைத்தால் அதுவும் தேவையில்லை.

உறவுக்காரர்கள் இல்லாத ஊரில் கணவன், மனைவிக்குள் புதிதாக ஓர் ஏற்பாடு உண்டாகிறது என்பதையும் சொல்ல வேண்டும். இங்கே காய்ச்சல் என்றால் அம்மா வருவார், விசேஷம் என்றால் நாத்தனார் முடிவு செய்வார். அங்கே எல்லாவற்றையும் நீங்கள் இருவருமே தீர்மானிக்க வேண்டும், சொல்லிக்காட்டவும் ஆள் இல்லை, சாக்குச் சொல்லவும் ஆள் இல்லை. அதில் நெருங்கியவர்கள் அதிகம், விரிசல் கண்டவர்களும் உண்டு. ஊரில் நடக்கும் எந்தெந்த விசேஷத்துக்குப் போவது என்பதை ஆண்டுத் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாளாகக் குறைந்துவிட்டதால் பொங்கலுக்கும் பள்ளி விடுமுறைக்கும் அந்தந்த நாள் காலை எட்டு மணிக்கே உட்கார்ந்தாக வேண்டும். எல்லாவற்றுக்கும் வருகிறோம் என்று வாக்குக் கொடுத்தவர்கள் பணத்தையும் இழந்து கெட்ட பெயரையும் வாங்கியிருக்கிறார்கள்.

வெளியூர்க்காரர் என்ற பார்வையை எங்காவது ஓரிடத்தில் சந்திப்பீர்கள். 1960-களின் பம்பாயில் தென்னிந்தியர்களுக்கு எதிராக நடந்தவற்றை வீட்டுப் பெரியவர்கள் சொல்லிப் பயமுறுத்தினால், இன்றைய புனே அதுவன்று என்று சொல்லுங்கள். ஆனாலும் வீட்டு உரிமையாளர் ஒருவர் சைவமா, அசைவமா, சொந்த ஊர் எது என்று துருவுவார். பள்ளியில் ஒருவன் உங்கள் மகனை 'மத்ராசி' என்பான். மகள் அழுதுகொண்டு வரும் நாளும் இருக்கும். நம் ஊரில் கட்டட வேலைக்கும் உணவகத்துக்கும் வந்திருக்கும் பிள்ளைகளை 'வடக்கன்' என்று ஒரே சொல்லில் அடக்கும் வழக்கம் நம் வீடுகளிலும் உண்டு. புனேயிலிருந்து திரும்பிய குடும்பங்களில் அந்தச் சொல் குறைந்திருப்பதைக் கவனித்திருக்கிறேன், யாரும் அவர்களுக்குப் போதிக்கவில்லை.

கடைசியாகத் திரும்பி வருவதைப் பற்றி. பத்தாம் வகுப்பை மகள் அங்கேயே முடிக்க வேண்டும் என்று நீங்கள் தீர்மானித்தால், பிள்ளையின் பொதுத்தேர்வைக் காரணம் காட்டி ஓராண்டு நீட்டிப்புக் கேட்டுக் கணவர் எழுத்துமூலம் விண்ணப்பிக்க வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் இந்தக் காரணத்தை ஏற்கின்றன. அந்த விண்ணப்பத்தை மூன்றாம் ஆண்டு தொடங்கிய மாதத்திலேயே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்பத்தையும் வாங்கச் சொல்லுங்கள். மாறுதல் பட்டியல் தயாராகி மேலே போன பிறகு வருகிற விண்ணப்பங்களை எங்கள் பிரிவில் கோப்பில் சேர்த்தோமே தவிர, யாரும் எடுத்துப் படித்ததில்லை.